உருளைக்கிழங்குக் கிடங்கில் கட்டிய கப்பல்: ராபர்ட் ஆஸ்ப் நல்ல குடும்பஸ்தர்தானா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து மூர்ஹெட் ஊருக்குப் போனபோது, அங்கே அருங்காட்சியகத்தில் நிற்கும் ‘யெம்கோம்ஸ்ட்’ என்ற பெரிய மரக்கப்பலைக் குடும்பத்தோடு பார்த்திருக்கிறீர்கள். அதைக் கட்டிய ராபர்ட் ஆஸ்ப் நார்வே வம்சாவளிக்காரர், பள்ளிக்கூடத்தில் மாணவர்களுக்கு ஆலோசகராக இருந்தவர், அன்பானவர், குடும்பத்தின் மேல் உயிராக இருந்தவர் என்று சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் சண்டை. “ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் ஆறு வருஷம் ஒரு கிடங்கில் மரம் இழைத்துக்கொண்டிருந்தவரை எப்படிக் குடும்பஸ்தர் என்பது? நம் வீட்டில் ஒருத்தர் இப்படிச் செய்தால் என்ன பேசுவோம்? அது வெறி” என்பது உங்கள் கட்சி. “அதுதான் அன்பு” என்பது உங்கள் கணவர் கட்சி. போகிற போக்கில், அந்தக் கப்பல் மறுபடி கடலுக்குப் போகுமா என்று பையன் கேட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். ஆக, கப்பல் எப்படிக் கட்டினார்கள் என்பதல்ல உங்கள் கேள்வி. ஒரு மனிதரை நினைவுகூரும்போது சொல்லப்படும் நல்ல வார்த்தைகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்கிறீர்கள்.

நான் கப்பல் கட்டுமானம் படித்தவன். பல ஆண்டுகள் மரக்கலங்களைப் பரிசோதித்து, கடலுக்குப் போகத் தகுதியா இல்லையா என்று எழுதிக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. மகள் அந்தப் பக்கம் குடியேறியதால் மூர்ஹெட் கப்பலைப் பலமுறை நிதானமாகச் சுற்றிப் பார்க்க வாய்த்தது. ஆஸ்பை நான் பார்த்ததில்லை. அதனால் மரத்தையும் தேதிகளையும் வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். மனதைப் பற்றிய என் ஊகங்களை ஊகம் என்று சொல்லியே பிறகு வைக்கிறேன்.

ஆஸ்ப் மூர்ஹெட் நடுநிலைப் பள்ளியில் ஆலோசகர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து வீட்டுக் கவலையையும் படிப்புக் கவலையையும் சொல்ல, கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவர் உத்தியோகம். 1971-ல் வைக்கிங்குகளின் (ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நார்வேப் பக்கத்துக் கடலோடிகள்) கப்பல்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினார். ஒன்றைக் கட்டி நார்வேக்கு ஓட்டிப் போனால் என்ன என்ற பேச்சு அவருக்கும் உடன்பிறந்த பியார்னேக்கும் இடையில் கிளம்பியது. மூர்ஹெட்டுக்குக் கிழக்கே ஹாலி என்று ஒரு சிற்றூர். அங்கே சும்மா கிடந்த உருளைக்கிழங்குக் கிடங்கை 1972-ல் வாடகைக்குப் பிடித்தார். மரம் வந்து இறங்கியது. 1974-ல் கட்டுமானம் தொடங்கியது. அதே 1974 ஜூலையில் ரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கப்பல் முடிந்தது 1980 கோடையில். வெளியே எடுக்கக் கிடங்கின் ஒரு பக்கத்தை இடிக்க வேண்டியிருந்தது. ஆகஸ்டில் அதை லாரியில் ஏற்றி, சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். 1980 டிசம்பர் 27 அன்று ஆஸ்ப் இறந்தார்.

இந்த இடத்தில் பரவலாகச் சுற்றும் இரண்டு கதைகளை ஒதுக்கிவிட வேண்டும். கப்பல் தண்ணீரைத் தொடுவதைப் பார்க்காமலே அவர் கண்ணை மூடிவிட்டார் என்பது ஒன்று. கேட்க உருக்கமாக இருக்கும், உண்மை இல்லை. குளிர் வருவதற்குமுன் சுப்பீரியர் ஏரியில் அந்தக் கப்பலை அவர் ஓட்டியிருக்கிறார். அது ஏரி என்று பெயர், கடலைப் போல அலை அடிக்கும். அவருக்குக் கிடைக்காதது அட்லாண்டிக் மட்டும்தான். இரண்டாவது கதை, தனி ஆளாகக் கட்டினார் என்பது. உங்கள் சண்டைக்கு விடை இந்த இரண்டாவது கதைக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே அதில் கொஞ்சம் நிற்கிறேன்.

கப்பலின் மாதிரி கோக்ஸ்டாட் கப்பல். நார்வேயில் சான்டஃபியோர்ட் அருகே ஒரு புதைமேட்டிலிருந்து 1880-ல் தோண்டியெடுத்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது, நீளம் சுமார் 23 மீட்டர், ஓக் மரம். ஆஸ்பின் கப்பலும் ஏறத்தாழ அதே அளவு: 76 அடிக்குக் கொஞ்சம் மேலே நீளம், 17 அடி அகலம். அதற்காகச் சுமார் நூறு வெள்ளை ஓக் மரங்களை வெட்டியிருக்கிறார்கள். வெள்ளை ஓக் என்று தேர்ந்தெடுத்ததில் விஷயம் இருக்கிறது. சிவப்பு ஓக்கின் நாளங்கள் திறந்தே இருக்கும், தண்ணீர் அதற்குள் ஓடும். வெள்ளை ஓக்கில் அந்த நாளங்கள் தாமாகவே அடைத்துக்கொள்ளும். மதுப் பீப்பாய்களை அந்த மரத்தில் செய்வது இதனால்தான். படித்துத் தெரிந்துகொண்டு இறங்கிய ஆள் என்பது அங்கேயே தெரிகிறது.

நம் தூத்துக்குடித் தோணியில் ஏரா என்ற அடிமரத்தின் மேல் வங்குகளை, அதாவது விலா எலும்பு மாதிரியான வளைந்த மரங்களை, நிறுத்தி, பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி அடிப்பார்கள். இடைவெளியில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து செய்வார்கள். வைக்கிங் முறை வேறு. கீழ்ப்பலகையின் மேல்விளிம்பை அடுத்த பலகை ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி மூடியபடி ஏறும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் தார் தோய்த்த கம்பளி நூலை வைத்து, இரும்பு ஆணியைக் குறுக்கே செலுத்தி, உள்பக்கம் ஒரு சின்னத் தகட்டைக் கோத்து, ஆணி முனையை அதன் மேல் தட்டி மழுக்கிவிடுவார்கள். பலகைகள் மெலிசு. வங்குகள் பிறகுதான் வரும். கப்பலின் பலம் முழுக்க அந்த ஆணி வரிசைகளில் இருக்கிறது.

இந்த ஆணியை ஒருவர் தனியாக அடிக்க முடியாது. வெளியே ஒருவர் ஆணித்தலையில் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க வேண்டும், உள்ளே ஒருவர் தட்ட வேண்டும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது, நடுவில் பலகை. சத்தத்தை வைத்துத்தான் வேலை நடக்கும். பிடிப்பவர் ஒரு நொடி அசந்தால் ஆணி தளரும், அந்தத் தளர்வு கடலில்தான் தெரியவரும். 76 அடிக் கப்பலில் ஒரு பக்கத்துக்கு எத்தனையோ பலகை வரிசை, ஒவ்வொரு வரிசை நெடுக ஒரு சாண் இடைவெளிக்குள் ஓர் ஆணி என்று போட்டுப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் வரும். ஒவ்வொன்றுக்கும் இன்னொருவர் கை வேண்டும். தனியாக ஒதுங்கிப் போக நினைக்கும் மனிதர் படம் வரையலாம், மீன் பிடிக்கலாம், பழைய காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கிடக்கலாம். இந்த மாதிரிக் கப்பலைக் கட்ட முடியாது. ஆஸ்பின் பிள்ளைகளும், பள்ளி, ஊர், சுற்றுவட்டாரத்து ஆட்களும் கூலி வாங்காமல் வந்து வேலை செய்தார்கள் என்பது பதிவான விஷயம். என் தொழில் அறிவு அதை வேறு வழியில் உறுதிசெய்கிறது, அவ்வளவுதான்.

அந்த இடத்தின் குளிரையும் சொல்ல வேண்டும். மூர்ஹெட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃபார்கோவும் ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. பெயர்தான் பள்ளத்தாக்கு. பழைய பனிக்கால ஏரி ஒன்றின் அடித்தரை அது, கண்ணுக்கு எட்டியவரை தட்டை. கறுப்பு மண், சர்க்கரை எடுக்கும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் அமோகமாக விளையும். அதனால்தான் ஊருக்கு ஊர் கிழங்குக் கிடங்கு. ஜனவரியில் மைனஸ் முப்பது டிகிரி வரை இறங்குவது அங்கே செய்தியே அல்ல. அந்தப் பருவத்தில் வீட்டை விட்டுக் கிளம்பி, ஒரு கிடங்குக்கு வந்து, சம்பளம் இல்லாமல் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒருவர் வருகிறார் என்றால், அடுத்த வாரமும் வருகிறார் என்றால், அங்கே யாரும் அவரை அதட்டவில்லை என்று அர்த்தம். கப்பல் கட்டும் இடங்களை நான் நிறையப் பார்த்தவன். கெட்டிக்கார மேஸ்திரிகள் பலர் வாயால் ஆட்களை விரட்டுவார்கள். கூலி ஆளாவது சம்பளத்துக்காகப் பொறுத்துக்கொள்வான். சும்மா வருகிறவன் ஒரே நாளில் நின்றுவிடுவான். வருஷக்கணக்கில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள் என்பதை, அருங்காட்சியகத்தில் கேட்கிற எந்தப் பாராட்டையும்விடப் பெரிய சாட்சியாக நான் எடுத்துக்கொள்வேன்.

அந்த வட்டாரத்து நார்வேக்காரர்களின் சுபாவமும் கணக்கில் வரும். 1825-ல் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து ‘ரெஸ்டவ்ராஷோன்’ என்ற சின்னக் கப்பலில் ஐம்பது சொச்சம் பேர் நியூயார்க் வந்து இறங்கினார்கள். அடுத்த நூறு ஆண்டுகளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிளம்பி வந்தார்கள். நார்வேயின் நிலத்தில் உழுது பயிர் செய்யக்கூடியது நூற்றுக்கு மூன்று பங்குதான். பூர்வீகப் பண்ணை பெரும்பாலும் மூத்த பிள்ளைக்குப் போகும். மற்றவர்கள் கப்பல் ஏறினார்கள். அமெரிக்க அரசு 1862 சட்டப்படி 160 ஏக்கர் வரை குடியேறிகளுக்குக் கொடுத்தது. மினசோட்டாவும் வடக்கு டகோட்டாவும் நிரம்பியது அப்படித்தான். இவர்களுடைய லூத்தரன் சபைக் கலாசாரத்தில் அன்பை வாயால் சொல்வது குறைவு. துக்க வீட்டுக்கு மூடி போட்ட பாத்திரத்தில் சாப்பாடு வரும், பனி வழிப்பதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லாமல் வந்து நிற்பார், சபையின் கீழ்த்தளத்தில் காப்பி ஓயாது. “உன்னை நேசிக்கிறேன்” என்று மகனிடம் ஒருபோதும் சொல்லாத தகப்பன், அவனோடு சேர்ந்து கொட்டகை கட்டுவார். இது என் பார்வையில் பட்டது. எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கக் கூடாதுதான். ஆனால் நீங்கள் ஆஸ்பை எடைபோடும்போது, வேலையில் மூழ்கினார் என்றால் வீட்டை விட்டுவிட்டார் என்று நம் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். அந்த ஊரில் வேலைக்குக் கூட்டிப்போவதே சீராட்டுவது.

நோயைப் பற்றி ஒன்று. நான் மருத்துவன் இல்லை, அதற்குள் போகமாட்டேன். தேதிகள் சொல்வது மட்டும் இது: நோய் தெரியவந்தபோது கப்பல் ஆரம்ப நிலையில் இருந்தது. மரம் வாங்கியாயிற்று, இடம் பிடித்தாயிற்று, அவ்வளவே. நோய் வந்ததால் கிளம்பிய கடைசி ஆசை என்று சிலர் எழுதுகிறார்கள், வரிசை அப்படி இல்லை. ஆசை முதலில், நோய் பிறகு. நிறுத்துவதற்கு மிக வசதியான தருணம் அது. யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் இங்கிருந்து ஊகம்தான்: வீட்டில் நோயாளியாகப் படுத்திருந்தால் பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றிருப்பார்கள். கிடங்கில் பேசவே தேவையில்லை. “அந்தப் பலகையைப் பிடி” என்றால் போதும். மரக்கல வேலை நடக்கும் குடும்பங்களில், நோயுற்ற பெரியவரைக் காலையில் தூக்கிக்கொண்டுவந்து வேலை நடக்கும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் அங்கே நோயாளி அல்ல, மேஸ்திரி.

அடுத்து நடந்ததுதான் உங்கள் கணவர் கட்சிக்கு மிகவும் பலம். அவர் இறந்துவிட்டார். கப்பல் டுலூத்தில் நிற்கிறது. அப்பாவின் பித்தால் வெறுத்துப்போன பிள்ளைகள் என்றால் அதை விற்றிருப்பார்கள், இல்லை யாருக்காவது தானம் கொடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். 1981 செப்டம்பரில் குடும்பமும் நண்பர்களும் கூடி, நார்வே வரை ஓட்டிப் போவதென்று முடிவெடுத்தார்கள். நார்வேக்காரர் ஒருவரைக் கப்பல் தலைவராக அழைத்தார்கள். 1982 மே 11 அன்று டுலூத்திலிருந்து கிளம்பிய குழுவில் ஆஸ்பின் மூன்று மகன்களும் ஒரு மகளும் இருந்தார்கள். பேரேரிகளைக் கடந்து நியூயார்க், அங்கிருந்து ஜூன் 15 அன்று அட்லாண்டிக். ஜூலை 19 அன்று பெர்கன். மேலே கூரை இல்லாத கப்பல் அது. மழை, அலை, குளிர் எல்லாம் நேராகத் தலையில்தான்.

நியூயார்க்கைத் தாண்டிச் சில நூறு மைலில் புயல் பிடித்தது. அடிப்பகுதியில் சுமார் 14 அடி நீளத்துக்கு விரிசல் விட்டது. இதைக் கேட்டதும் ‘பள்ளிக்கூட ஆள் கட்டினது, வேறெப்படி இருக்கும்’ என்று நினைக்கத் தோன்றும். நான் அப்படி எழுதிக் கொடுக்கமாட்டேன். இந்த வகைக் கப்பல் விறைப்பாக நிற்பதற்காகக் கட்டப்படுவதில்லை, அலையோடு வளைந்து கொடுப்பதற்காகக் கட்டப்படுகிறது. 1893-ல் மாக்னுஸ் ஆண்டர்சன் என்பவர் இதே கோக்ஸ்டாட் மாதிரியில் கட்டிய ‘வைக்கிங்’ என்ற கப்பலை நார்வேயிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி ஓட்டி, சிகாகோ உலகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். கடலில் அதன் மேல்விளிம்பு ஆறு அங்குலம் வரை முறுக்கிக்கொண்டது என்று அவரே பதிவு செய்திருக்கிறார். அவ்வளவு வளைந்து கொடுக்கும் உடலில் ஒரு மரம் பிளப்பது பெரிய அதிசயமல்ல. நான் பார்ப்பது வேறு: விரிசல் விட்ட பிறகும் ஆணி வரிசைகள் பிடித்தன, பலகைகள் பிரியவில்லை, மீதிக் கடல் முழுவதையும் அது தாண்டியது. அப்போது உள்ளே இருந்த ஆஸ்பின் பிள்ளைகள் நால்வருக்கும் எந்த இடத்தில் யார் இரும்பைப் பிடித்தார்கள் என்பது தெரிந்திருக்கும். திரும்பிப் போகலாம் என்ற யோசனை ஒருவருக்கும் வரவில்லை என்று சொல்லமாட்டேன். திரும்பவில்லை என்பதுதான் நடந்தது.

இப்போது உங்கள் பக்கத்தையும் விட்டுக்கொடுக்காமல் சொல்கிறேன். மேலே சொன்ன எதுவும் மனைவி ரோஸின் கணக்கைத் தீர்த்துவிடாது. நோயாளிக் கணவர், வீட்டுச் செலவு, பிள்ளைகள், இத்தனைக்கும் நடுவில் ஒரு கப்பல். ஆறு வருஷத்தில் எத்தனை இரவு அவர் தூங்காமல் கிடந்திருப்பார் என்பதை எந்த ஆணி வரிசையும் சொல்லாது. அதுபோதாதென்று, கணவர் போன பதினேழாவது மாதத்தில் பிள்ளைகள் நால்வரைக் கூரையில்லாத கப்பலில் ஏற்றி அனுப்பினார். கப்பலைப் பற்றிப் பேசும்போது கட்டியவரைச் சொல்வோம், ஓட்டியவர்களைச் சொல்வோம், கரையில் நின்றவரை ஒரு வரியில் முடித்துவிடுவோம். இந்தப் பழக்கம் நார்வேக்காரர்களுக்கு மட்டும் உரியதில்லை. அன்பான மனிதர் என்று ஆஸ்பைச் சொல்வது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த அன்பின் செலவில் ஒரு பங்கை வேறொருவர் கட்டினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நினைவு முழுமையாகும். நீங்கள் ‘வெறி’ என்று சொன்னதில் பாதி அந்தப் பங்கைத்தான் சொல்கிறீர்கள் என்று படுகிறது. அதை உங்கள் கணவரிடம் விளக்கிச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

ஆக, என் தீர்ப்பு: குடும்பத்தை விட்டு ஓடிய மனிதர் இல்லை, குடும்பத்தையும் ஊரையும் உள்ளே இழுத்துக்கொண்ட மனிதர். மரத்தை வைத்தும், வந்து நின்ற ஆட்களை வைத்தும், பிள்ளைகள் பிறகு செய்ததை வைத்தும் அவ்வளவு தூரம் உறுதியாகச் சொல்வேன். அதற்கு மேல் அவரது நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்று நான் சொன்னால் அது கதை.

பையனின் கேள்விக்கு வருகிறேன். 1983 ஆகஸ்டில் கப்பலை நார்வேயிலிருந்து மூர்ஹெட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதற்கென்றே ரெட் ரிவர் கரையில் கட்டிடம் எழுப்பி 1986-ல் திறந்தார்கள். பாய்மரம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் கூரை வெள்ளைக் கூடாரம் மாதிரி அவ்வளவு உயரத்துக்குப் போகிறது. அது மறுபடி மிதக்கும் என்று நான் நினைக்கவில்லை. மரக்கலம் தண்ணீரில் இருக்கும்வரை பலகை ஈரத்தில் உப்பி, இடுக்குகள் தாமாக இறுகிக்கொள்ளும். குளிர்காலம் முழுக்கச் சூடேற்றிய கட்டிடத்துக்குள் நாற்பது ஆண்டு நின்றால் மரம் காய்ந்து சுருங்கும், கம்பளி நூல் இறுகிப்போகும். அப்படியே இறக்கினால் நூறு இடத்தில் ஒழுகும். வாரக்கணக்கில் ஊறவைத்து, பல ஆணிகளை மாற்றி, விரிசல் விட்ட மரத்தைப் புதிதாகப் போட்டால் ஒருவேளை முடியலாம். ஆனால் மரத்தை மாற்ற மாற்ற, அந்தக் கிடங்கில் அவர்கள் பிடித்து அடித்த ஆணிகள் ஒவ்வொன்றாகப் போய்விடும். அருங்காட்சியகக்காரர்கள் அதற்குச் சம்மதிக்கமாட்டார்கள், என்னைக் கேட்டால் நானும் சம்மதிக்கமாட்டேன். அடுத்த முறை போகும்போது பையனைக் கப்பலின் வெளிப்பக்கம் பலகைக்கு மிக அருகே நிற்கவைத்து ஆணித்தலைகளைக் காட்டுங்கள். உள்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தகடு இருக்கிறது, அதைத் தட்டியவர் வேறு ஆள் என்று சொல்லுங்கள். அந்த வயதுப் பையனுக்கு அது உடனே பிடிபடும்.